வேப்பிலையை வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும்

மண்டூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பாதையில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்றால் இங்கே தெரு இல்லை. ஆளும் மோட்டார் சைக்கிளும் சில வேளை ஆடும் ஒன்றாக ஏறி அக்கரை போகும் மிதக்கும் தட்டு. அது கரை சேருவதற்குள் யார் வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய வயல்வட்டையில் பன்றி இறங்கியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் தாதி மட்டும் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவார். அவர் எந்த வைத்தியசாலையில் வேலை செய்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். எனவே யாராவது ஒருவர் மெல்ல அவர் பக்கம் நகர்வார்.

“மிஸ், எங்கட மாமாவை நேத்து உங்கட ஆஸ்பத்திரியில மறிச்சு வார்டில போட்டிருக்காங்க. என்ன வருத்தமாம்?”

“விசிட்டிங் பன்னிரண்டு மணிக்கு.”

“அது தெரியும் மிஸ். ஆள் எப்பிடி இருக்கார்?”

“பன்னிரண்டு மணிக்கு வந்தாப் பாக்கலாம்.”

ஒரு நாள் ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு, “நான் அவன்ட கூடப் பிறந்தவன்” என்றார். மிஸ் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நீங்க கட்டாயம் வரோணும்” என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

அவர் எங்கள் வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி. வார்டு வார்டாகப் போய், யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவியதாகச் சொல்கிறார்கள், குத்திய ஊசி எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. இப்படி ஒரு வேலையைச் செய்கிறவரை எவரும் விரும்புவதில்லை. தேநீர் அறைக்குள் அவர் வந்தால் பேச்சு நின்று குழாய்கள் திறக்கும். நான் அப்போது பெண்கள் வார்டில் புதுத் தாதி. எனக்கும் அவரைப் பிடிக்காது. அதை நான் மறைத்ததாகவும் ஞாபகமில்லை.

பிறகு வைத்தியசாலைக்குக் கணினி வந்தது. நோயாளர் விபரமெல்லாம் அதற்குள் போகும், அதை எப்படிப் பாதுகாப்பது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளப் பயப்படாத ஒரே ஆள் என்று அதையும் மிஸ்ஸின் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு வேலை என்று முறையிட்டிருப்பார்கள். மிஸ் இரண்டையும் ஒரே வகுப்பாக நடத்தினார். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

“உங்கட கையில வந்தது உங்களோட வெளிய போகப்படா. அது கிருமியா இருந்தா என்ன, கதையா இருந்தா என்ன” என்றார் முதல் வகுப்பில். அவ்வளவுதான் பாடம். மிச்ச நேரமெல்லாம் செய்முறை.

கடவுச்சொல் வகுப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எல்லோரும் இரகசியமாக ஒரு சொல் வைத்திருந்தோம். மிஸ் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “நீ மண்டூர்” என்று என்னைக் காட்டினார். முருகன் என்று தட்டினார். திறந்தது. அடுத்தவளை, “நீ வெல்லாவெளிப் பக்கம். உங்கட கோயில் என்ன, அம்மனா?” என்றார். அவள் தலையாட்ட முதலே அதுவும் திறந்தது. இந்தப் பகுதியில் ஒருவருடைய ஊர் தெரிந்தால் கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் தாய்வழிக் குடி தெரியும், குடி தெரிந்தால் சொந்தமெல்லாம் தெரியும். நாங்கள் எல்லோரும் கதவைப் பூட்டிச் சாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

வகுப்பில் ஏறாவூரிலிருந்து வரும் சுகாதார உதவியாளர் ஒருவர் இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல எங்களுக்கெல்லாம் அவர் நானா. “மிஸ், எனக்கு நீங்க கோயிலைப் புடிச்சித் திறக்கேலா” என்று சிரித்தார்.

“ஓம் நானா, ஏலாதுதான். உங்கட மகன் கட்டார்ல எண்டீங்களே, சுகமா இருக்காரா?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கார்.”

“மகன்ட பேர் என்ன?”

நானா பெருமையாகப் பெயரைச் சொன்னார். மிஸ் தட்டினார். திறந்தது.

கை கழுவும் பயிற்சிக்கு வெளிநாடுகளில் ஒரு பொடி இருக்கிறதாம். பூசி விளக்கைக் காட்டினால் அழுக்கு மினுங்குமாம். எங்களுக்கு அந்தப் பொடி வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. மிஸ் வீட்டிலிருந்து ஒரு போத்தலில் கூனி ஊறவைத்த தண்ணீர் கொண்டுவந்தார். கூனி என்பது வாவியில் பிடித்துக் காயவைக்கும் சின்ன இறால். சம்பலுக்கு நல்லது, சட்டைக்குக் கூடாது. காலையிலேயே வார்டுத் தொலைபேசியின் பிடியில் அதை மெல்லப் பூசிவிட்டுப் போய்விட்டார். அதே நேரத்தில் மருந்து அறையில் நின்ற ஒரு தாதியைத் தனியே கூப்பிட்டு, “என்ட வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாத” என்றாராம்.

பகல் மிஸ் திரும்பி வந்து மோந்து பார்க்கத் தொடங்கினார். தொலைபேசியிலிருந்த கூனி மணம் மருந்து வண்டியில் இருந்தது. கணினிப் பொத்தான்களில் இருந்தது. பெரிய டொக்டரின் கழுத்துப்பட்டியிலும் இருந்தது. அவர் மரியாதையாக நின்று மோக்க விட்டார். பூனை அதைவிடத் தூரம் போயிருந்தது. கன்ரீனில் தேநீர் ஊற்றுகிறவர் மிஸ்ஸைக் கண்டதும் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, “மகளுக்குக் குழந்தை கிடைச்சிருக்காமே, சந்தோசம் மிஸ்” என்றார். மிஸ்ஸுக்குக் கலியாணமே ஆகவில்லை.

“கூனியை விடக் கதை கெதியாப் போகுது” என்று மட்டும் வகுப்பில் சொன்னார். சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்தோம், பிறகு கையை மோந்து பார்த்துக்கொண்டோம்.

எதிர்க்கேள்வி கேட்டு அவரை மடக்க எல்லோருக்கும் ஆசை இருந்தது. ஒரு வகுப்பில் நான்தான் கேட்டேன். “மிஸ், வீட்டில அம்மாள் வருத்தம் வந்தா நாங்க கேற்றில வேப்பிலை கட்டுறம். உள்ள கொப்பளிப்பான் காய்ச்சல் எண்டு ஊருக்கே தெரியும். ஆரும் வரமாட்டாங்க, தொத்தும் பரவாது. நீங்க சொல்றபடி பாத்தா அது இரகசியத்தை வெளிய விடுறதுதானே? அப்ப எது பிழை?”

மிஸ் “யோசிச்சுச் சொல்றன்” என்று சொல்லிவிட்டுச் சவர்க்காரத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். நான் வென்றுவிட்டதாக மற்றவர்கள் எனக்குக் கன்ரீனில் பற்றிஸ் வாங்கித் தந்தார்கள். அடுத்த நாள் காலை பாதையில் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்:

“வேப்பிலையை வீட்டுக்காரர் கட்டினாச் சரி. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கட்டினாத்தான் பிழை.”

நான் ஓம் என்றேன். வாங்கித் தின்ற பற்றிஸை ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் குணத்துக்கு அவர் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். அவருடைய சின்னம்மாவின் புருசன் எங்கள் வைத்தியசாலையில் கிடந்து செத்துப்போனார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வருத்தமாகப் படுத்தால் சொந்தமெல்லாம் வான் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டும். போகாதவனை விடச் சொல்லாதவன்தான் பெரிய குற்றவாளி. சின்னம்மாவைத் தவிர ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். மிஸ் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார், முகம் துடைத்துவிட்டார், வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. செத்த வீட்டில் சொந்தக்காரர் சுற்றி நின்று கேட்டார்கள். “அவர் சொல்லச் சொல்லல்ல” என்றார் மிஸ். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்த எந்தக் கலியாணத்துக்கும் அவருக்கு அழைப்பு இல்லை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. இவ்வளவு கல்லாக ஒரு மனுசி இருக்க முடியுமா என்று பயம்தான் வந்தது.

அந்தக் கல் என் வீட்டு வாசலுக்கும் வந்தது. இனி எழுதப்போவதை எழுதலாம் என்று அதில் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். என்ன வருத்தம் என்ற பெயரை மட்டும் போடமாட்டேன். இருமலில் தொடங்கும், காற்றில் பரவும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் முழுதாக மாறும், ஆனால் பெயரைக் கேட்டாலே ஊர் ஓரடி பின்னால் போகும். அந்த வருத்தம்.

என் தம்பிக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பெண் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அவர்கள் மகளுக்காக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை நான் வேலைக்குப் போனபோது வார்டின் தனி அறையில் அந்தப் பிள்ளை மாஸ்க் போட்டுப் படுத்திருந்தாள். நான் கட்டில் சீட்டை வாசித்தேன். அவள் நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மிஸ் நின்றார்.

“அந்தப் பிள்ளை உன்ட தம்பிக்குப் பேசினதாம்.”

“ஓம் மிஸ்.” கதவை இழுத்துச் சாத்தினேன். “மிஸ், அவன் என்ட கூடப் பிறந்தவன். அவனுக்கு நான் சொல்லாம எப்பிடி?”

“அவனுக்குத் தொத்தாமப் பாக்கிறது என்ட வேலை. அவனுக்குச் சொல்றது அவட வேலை. உனக்கு இதில வேலை இல்ல.”

“அவ சொல்லாட்டி?”

“சொல்லாட்டியும் உனக்கு வேலை இல்ல.” பிறகு கொஞ்சம் மெதுவாக, “வேணுமெண்டா உன்ன வேற வார்டுக்கு மாத்தச் சொல்றன்” என்றார்.

வேண்டாம் என்றேன். வார்டு மாற்றினால் அம்மா காரணம் கேட்பார். அம்மாவுக்குக் காரணம் தேவையில்லை, வாசனை போதும்.

அம்மா ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார், வருங்கால மருமகள் ஆஸ்பத்திரியில் என்பதை மட்டும். அன்று பின்னேரமே பிடித்துக்கொண்டார்.

“உன்ட வார்டுதானே புள்ள? என்னவாம் அவக்கு? நெஞ்சு வருத்தமோ? ஒண்டெண்டா இப்பவே பேச்சை நிப்பாட்டிப்போடலாம், கட்டினதுக்குப் புறகு என்னத்தைச் செய்யிற?”

“விசிட்டிங் பன்னிரண்டு மணிக்கு அம்மா.”

என் வாயிலிருந்துதான் வந்தது. அம்மா என்னை ஏதோ புதுத் தொற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“கொம்பியூட்டர்ல தட்டினா எல்லாம் வருமாமே.”

“தட்டினா, தட்டினது நான் எண்டும் அதில வரும்.”

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டு எங்கள் பூனையிடம் “அவவைத் தின்னச் சொல்லு” என்றார். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாமல் இவன் மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் வாங்க மட்டக்களப்புக்குப் போய்வருகிறானே என்று எனக்கு அவன் மேலும் எரிச்சல்.

அடுத்த ஞாயிறு அம்மா வான் பிடித்தார். பெரியம்மாமார், மாமிமார், கைக்குழந்தையோடு ஒரு மச்சாள், தோடம்பழம், நெஸ்டமோல்ட் டின் எல்லாம் ஏறியிருப்பதாகச் செய்தி வந்தது. நான் மிஸ்ஸிடம் ஓடினேன். தனி அறைக்குள் அவர்களை விட்டால் தொற்று. விடாமல் மறித்தால் தனி அறையில் தடை என்பதே அறிவித்தல். நாங்களே அவள் வாசலில் வேப்பிலை கட்டின மாதிரித்தான்.

மிஸ் தாழ்வாரத்தைப் பார்த்தார். எங்கள் வார்டின் பின்பக்கத் தாழ்வாரம் வாவியைப் பார்த்தது. எப்போதும் அங்கே நல்ல காற்று.

“எல்லாரையும் வெளிய எடுங்க” என்றார்.

“ஆரை மிஸ்?”

“வார்டை.”

நடக்கக்கூடியவர்கள் கதிரையோடு நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை நானா கட்டிலோடு தள்ளினார். முழங்கால் நோவுக்கு வந்தவர், நீரிழிவுக்காரர், நாளைக்கு வீட்டுக்குப் போகிறவர் என்று எல்லோருக்கும் ஒரு மாஸ்க். பார்க்க வருகிறவர்களுக்கும் வாசலில் மாஸ்க். ஒவ்வொரு நோயாளிக்கும் காற்று வரும் பக்கத்தில் பார்வையாளர் உட்கார ஒரு வாங்கு, கொஞ்சம் தள்ளி. அந்தப் பிள்ளை கடைசிக் கதிரையில், காற்று போகும் பக்கத்தில் இருந்தாள். பெரிய டொக்டர் வந்து வெறும் வார்டைப் பார்த்தார், பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தார், என்ன இது என்று கேட்டார்.

“காத்தோட்டம் டொக்டர்” என்றார் மிஸ்.

அவர் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டார் வந்தார்கள். குழந்தையை மிஸ் வாசலிலேயே தன் கையில் வாங்கிக்கொண்டார்; “நீங்க ஆறுதலாக் கதைச்சிற்று வாங்க” என்றார். அம்மா தாழ்வாரம் முழுவதையும் கண்ணால் அளந்தார். எல்லோர் முகத்திலும் மாஸ்க். எல்லோரும் வெளியே. கண்டுபிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளையோடு பேசினார், தோடம்பழத்தைக் கொடுத்தார், போகும்போது எனக்குக் கேட்கும்படியாகப் பெரியம்மாவிடம், “நல்ல ஆஸ்பத்திரி. காத்து வாங்கிக் கொண்டு இருக்கலாம்” என்றார்.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை ஒவ்வொரு நாளும் வார்டை வெளியே எடுத்தோம். அவள் போன பிறகும் மிஸ் நிறுத்தவில்லை. அவள் போனதோடு நின்றால் அவளுக்காகத்தான் என்று தெரிந்துவிடும் என்றார். நானாவுக்கு இடுப்பு நோவு வந்தது.

கலியாணம் தள்ளிப்போனது. புது வீட்டுக்கு டைல்ஸ் பதித்து முடியவில்லை என்று பெண் வீட்டார் சொன்னார்கள். அந்த டைல்ஸ் எத்தனை மாத மாத்திரை என்று எனக்குத் தெரியும். தம்பி அதையும் கேட்கவில்லை, சரி என்றான். அவன் சிரித்துக்கொண்டு திரிந்தான். என் தம்பி ஒன்றும் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் போகப்போகிறான், தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு பந்தல் போட ஆள் பார்க்கிறேன். கலியாணத்துக்கு முதல் நாள் தாங்க முடியாமல் மிஸ்ஸிடம் போனேன்.

“மாத்திரை முடிஞ்சுதாமா?” என்று கேட்டார்.

“முடிஞ்சு.”

“சுகமெண்டு எழுதிக் குடுத்தாச்சா?”

“ஓம்.”

“அப்ப என்ட வேலை முடிஞ்சு. சாறி என்ன நிறம் எடுத்தனி?”

கலியாணத்தன்று தம்பி தாலி கட்டும்போது நான் அழுதேன். அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று எல்லோரும் பேசினார்கள். மிஸ்ஸை அழைத்திருந்தேன், வந்து சாப்பிட்டார், சாப்பிட முதலும் பிறகும் கை கழுவினார். அதற்கடுத்த ஆண்டு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். தேநீர் அறையில் பேச்சு திரும்பி வந்தது, குழாய்கள் மூடிக்கொண்டன. எனக்கு அவர் இல்லாத பாதை வெறுமையாக இருந்தது என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

தம்பிக்கு மகள் பிறந்து சில மாதம் கழித்து ஒரு பகல் அவன் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். ரெண்டு வருசமா உங்களுக்கு ஒளிச்சிற்றன், எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கலியாணத்துக்கு முதல் இவ உங்கட ஆஸ்பத்திரியில கிடந்தாவெல்லோ. அது சும்மா காய்ச்சல் இல்ல.” வருத்தத்தின் பெயரைச் சொன்னான். “மறிச்ச அண்டைக்கே எனக்குக் கோல் எடுத்துச் சொன்னவ. வேணாமெண்டா இப்பவே விடுங்க எண்டவ. நான் போய் நெஞ்சுப் படம் எடுத்தன், எனக்கு ஒண்டும் இல்ல. மோட்டார் சைக்கிள் சாமான் எண்டு போனனே, அதுதான். பிறகு மாத்திரை முடியட்டும் எண்டு ரெண்டு பேருமாத்தான் டைல்ஸ் கதையச் சொன்னம்.”

நான் அவனுக்குத் தேநீர் ஊற்றினேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குப் போயிரும் எண்டு பயம். நீங்க அந்த வார்டிலயே நிண்டும் உங்களுக்கே தெரியாம வெச்சிருந்தாங்களே. அந்த மிஸ் லேசுப்பட்ட ஆளில்ல.”

“ஓமோ?” என்றேன். என் முகத்தில் ஒன்றும் அசையவில்லை என்று நினைக்கிறேன். அதற்குத்தானே பயிற்சி. அவன் தேநீர் குடித்துவிட்டு, பாரம் இறங்கியவனாகப் போனான்.

அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் மறைய முதலே மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். சந்தோசமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. மூச்சு விடாமல் சொன்னேன். மிஸ், அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, முதல் நாளே அவ சொல்லிப்போட்டா, நான்தான் தேவையில்லாம இவ்வளவு காலமும் வெந்துகொண்டிருந்திருக்கிறன், நீங்க சொன்னதுதான் சரி மிஸ்.

“ஆர் இதை உனக்குச் சொன்னது?”

“தம்பி மிஸ். இப்பத்தான் வந்து சொல்லிற்றுப் போறான்.”

“உனக்குத்தானே சொன்னவன்?”

“ஓம் மிஸ்.”

“அப்ப எனக்கு ஏன் புள்ள சொல்றாய்?”